கோபுரத்தை மறைத்த மாடி

வீட்டுக்கு மாடி கட்ட வேண்டும் என்கிற எண்ணம் எனக்குக் குளியலறையில்தான் வந்தது. அன்று ஆடிக் கிருத்திகை. திருத்தணியில் வீடு இருப்பவர்களுக்கு அந்த நாளில் சொந்தக்காரர்கள் எப்படிப் பெருகுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. நகரியிலிருந்து ஒரு கூட்டம், புத்தூரிலிருந்து ஒரு கூட்டம், ஆர்.கே.பேட்டையிலிருந்து டவுன் பஸ் பிடித்து என் மாமனார் வழித் தறிக்காரச் சொந்தங்கள் ஒரு கூட்டம். மொட்டை போட்டு வந்தவர்கள், போடப் போகிறவர்கள், காவடியைச் சுவரோரம் சாய்த்துவிட்டுக் காபி கேட்கிறவர்கள். அத்தனை பேருக்கும் ஒரே குளியலறை. எனக்குத் தனியாக உட்காரவும் அந்த ஓர் இடம்தான் மிச்சம்.

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன். குளிக்கிற சத்தம் வெளியே கேட்க வேண்டுமே என்று குழாயைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, போனில் யாரோ ஒரு பெண் கேக் செய்வதை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு மொட்டைத்தலைப் பெரியவர் குளித்து ஆயிற்றா என்று தெலுங்கில் கேட்டுக்கொண்டே கதவைத் தட்டினார். "இன்னும் தலைக்கே ஊத்தலீங்க" என்று உள்ளிருந்தே பதில் சொன்னேன். கேக் வெந்து முடிவதற்குள் நான் முடிவுக்கு வந்துவிட்டேன். மாடியில் ஓர் அறை. உள்ளே தாழ்ப்பாள் உள்ள, எனக்கே எனக்கான அறை.

கூட்டம் கலைந்த பிறகு கணவரிடம் சொன்னேன். அவர் மலையடிவாரத்தில் துண்டு, வேட்டிக் கடை வைத்திருக்கிறார். நான் தினமும் ரயிலேறித் திருவள்ளூரில் ஓர் அலுவலகத்துக்கு வேலைக்குப் போகிறவள்.

"மாடி கட்னா இன்னும் பாதிப் பேரு சேந்து வருவாங்க," என்றார் அவர்.

"வரட்டும். அவங்க கீழ படுக்கட்டும். நான் மேல போயிடறேன்."

"அப்ப நானு?"

"நீங்க சொந்தக்காரங்கள கவனிச்சிக்கோங்க."

அவர் சிரித்தார். சிரித்தால் சம்மதம் என்றே நான் எடுத்துக்கொள்வது வழக்கம்.

அடுத்த வீட்டில் என் நாத்தனாரும் அவள் கணவரும் இருந்தார்கள். ஒரே மனையில் மாமனார் கட்டிய இரட்டை வீடு அது. ஒன்று மகனுக்கு, ஒன்று மகளுக்கு. நாத்தனாரை நான் அண்ணி என்பேன். அண்ணி அதிகம் பேசமாட்டாள். குழம்புக் கிண்ணத்தைச் சுவர் மேல் வைத்துவிட்டுத் தட்டிக் கூப்பிடுவாள், அவ்வளவுதான். அவள் கணவரை என் கணவர் பாவா என்பார். தெரு முழுவதும் அப்படித்தான் கூப்பிட்டது. நான் மட்டும் முறைப்படி அண்ணா என்பேன்.

பாவா தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான், எழுத்திலிருந்து இல்லை. காலையில் காபி, மலையைப் பார்த்து ஒரு கும்பிடு, பிறகு மனு. தெருவிளக்கு எரியாவிட்டால் ஒரு மனு, பகலிலும் எரிந்தால் ஒரு மனு. ஒருமுறை ஒரு குரங்கு அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பறித்துக்கொண்டு போனதற்குக்கூட மனு எழுதினார். குரங்கின் நிறம், வால் நீளம், தப்பி ஓடிய திசை எல்லாம் அதில் இருந்தன. அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு மனுவையும் அண்ணியை உட்கார வைத்து முழுசாக வாசித்துக் காட்டுவார். அவர் வாசிப்பது எங்கள் வீட்டுக் கூடம் வரை கேட்கும்.

மாடி விஷயம் காதில் விழுந்ததும் பாவா உற்சாகமாகிவிட்டார்.

"அனுமதி இல்லாம ஒரு செங்கல்கூட எறக்கக் கூடாதும்மா. பிளான், பட்டா, வில்லங்கம், எல்லாம் ஆன்லைன்ல ஏத்தணும். நான் கீறேன், பாத்துக்கறேன்," என்றார்.

வரைபடம் போட அரக்கோணத்திலிருந்து ஓர் இன்ஜினியர் பெண் ஸ்கூட்டியில் வந்தாள். வெயிலுக்குப் பயந்து மொட்டை மாடியிலும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அவள் டேப் பிடித்து அளக்க, பாவா பின்னாலேயே காலடி வைத்து அளந்துகொண்டு வந்தார். இரண்டு அளவும் ஒத்துப்போகாத இடத்திலெல்லாம், "உன் டேப்பு பழசும்மா" என்றார். அவள் எல்லாவற்றுக்கும் "ஆங், சார்" என்று சொல்லிவிட்டு டேப் சொன்னதையே குறித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணை எனக்கு உடனே பிடித்துப்போனது.

போகும் முன் அவள் ஒரு வேலை செய்தாள். அறை எவ்வளவு உயரம் வரும் என்று எங்களுக்குக் காட்ட, கொத்தனாரிடம் சொல்லி மாடியில் நான்கு மூலைக்கும் மூங்கில் நட வைத்தாள். உச்சியில் அடையாளத்துக்கு ஏதாவது துணி கட்ட வேண்டும் என்றாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த கணவரின் நீல லுங்கியை எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலை பாவா வழக்கம்போல் காபி டம்ளரோடு தன் மொட்டை மாடிக்கு வந்தார். எங்கள் மாடிக்கு மேலாக மலையும், மலைமேல் கோயில் கோபுரமும் அவருக்கு நேராகத் தெரியும். தினமும் அந்த இடத்தில் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, பிறகுதான் கண்ணைத் திறந்து தரிசனம் செய்வார். அன்றும் அப்படியே செய்தார். திறந்த கண்ணுக்கு முன்னால் லுங்கி.

"மச்சான்! இன்னாய்யா இது? சாமி கீற எடத்துல லுங்கி பறந்துகினு கீது!"

கணவர் பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "அது லுங்கி இல்ல பாவா, ரூம்பு."

"ரூம்பு அவ்ளோ ஒசரமா வருது?"

"லுங்கி வரைக்கும் வருது. அதுக்கு மேல கைப்பிடிச் செவுரு."

பாவா டம்ளரை வைத்துவிட்டு இடதுபக்கம் நகர்ந்து பார்த்தார், வலதுபக்கம் நகர்ந்து பார்த்தார், தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு கால் வைத்து எக்கிப் பார்த்தார். எங்கிருந்து பார்த்தாலும் கோபுரத்துக்கு முன்னால் கணவரின் லுங்கிதான் அசைந்தது. நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பை அடக்க வாயில் முந்தானையை வைத்துக்கொண்டேன். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று அன்று மாலையே தெரிந்தது. பாவா எங்கள் வாசலுக்கு வந்து, முகத்தைப் பார்க்காமல் ஒரு தாளை நீட்டினார்.

"நகராட்சிக்கு ஒரு மனு குடுத்துகிறேன். எதிர்தரப்புக்கு நகல் குடுக்கறது முறை. வாங்கிகினதுக்கு ஒரு கையெழுத்துப் போடும்மா."

நேற்றுவரை நாங்கள் மச்சான், தங்கச்சி. இன்று எதிர்தரப்பு. மேற்படி மாடி எழும்பினால் மனுதாரரின் அன்றாட கோபுற தரிசனத்துக்கு நிரந்தர இடையூறு நேரும் என்று எழுதியிருந்தார். கையெழுத்துப் போட்டேன். கையில் பேனா இருந்ததால், கோபுறத்தில் இருந்த பெரிய றவை வட்டமிட்டுச் சின்ன ர போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். பாவா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். காலையில் வேறொரு நகல் வந்தது. கோபுரம் சரியாக இருந்தது. சண்டை போட்டாலும் பிழையில்லாமல் போட வேண்டும் என்று நினைக்கிற மனிதர் அவர்.

எங்களுக்கும் அவருக்கும் பேச்சு நின்றது. குழம்புக் கிண்ணம் மட்டும் சுவர் மேல் வந்துபோய்க்கொண்டிருந்தது. ஒருநாள் கிண்ணத்தை எடுக்கும்போது அண்ணியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அண்ணா கொஞ்சம் இறங்கி வருவாரா அண்ணி?"

"எழுதட்டும் வுடு. எழுதிகினு இருந்தாத்தான் என்னை வுடுவாரு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எங்கள் விண்ணப்பம் இணையத்தில் ஏறியது. சில வாரம் கழித்து, இடத்தைப் பார்வையிட நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அமைதியான மனிதர். கையில் எங்கள் வரைபடம், அதற்கடியில் பாவாவின் மனு. இன்ஜினியர் பெண்ணும் ஹெல்மெட்டோடு வந்திருந்தாள். பாவா இஸ்திரி போட்ட சட்டையில், தன் பழைய அலுவலகப் பேனாவைப் பையில் செருகிக்கொண்டு தயாராக நின்றார்.

அதிகாரி எங்கள் மாடிக்குப் போனார். பாவாவின் மாடிக்கும் போனார். பாவா நிற்கும் இடத்தில் நின்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு இறங்கி வந்து சொன்னார்.

"சார், தரிசனம் மறையுதுன்னு அனுமதிய நிறுத்த விதி இல்லீங்க. பக்கத்துல எடம் விட்டிருக்கறாங்களா, ஒசரம் அளவுக்குள்ள இருக்குதான்னுதான் நாங்க பாப்போம். ரெண்டும் சரியா இருக்குது."

பாவா அசரவில்லை. அந்த நிமிஷத்துக்காகவே காத்திருந்தவர்போல் சட்டைப்பையிலிருந்து இன்னொரு மனுவை எடுத்தார்.

"விதிதானே? சரி. இந்த மனை கூட்டுப் பட்டா. எங்க மாமனாருக்கு அப்பால மகன் பேருலயும் மக பேருலயும் சேந்து கீது. இன்னும் பிரிக்கல. இன்னொரு பட்டாதாரர் சம்மதம் இல்லாம ஒருத்தருக்கு மட்டும் எப்படி அனுமதி குடுப்பீங்க?"

அதிகாரி வரைபடத்தைப் புரட்டினார். இன்ஜினியர் பெண் முதல்முறையாக ஹெல்மெட்டைக் கழற்றினாள். கூட்டுப் பட்டா என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வீட்டுக்குள் விஷயம், அண்ணியிடம் சம்மதம் என்று தனியாக எழுதி வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

"அது நியாயம்தாங்க," என்றார் அதிகாரி. "சம்மதக் கடிதம் வேணும்."

கணவரின் முகம் சுண்டிப்போனது. எனக்கு என் அறையின் தாழ்ப்பாள் கழன்று விழுந்ததுபோல் இருந்தது. பாவா எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு முழு தாலுகா அலுவலகமே இருந்தது.

"இன்னொரு பட்டாதாரர் யாருங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"எங்க வீட்டுக்காரம்மாதான். அவங்க சம்மதிக்க மாட்டாங்க," என்றார் பாவா.

"அத நான் எப்ப சொன்னேன்?"

குரல் வாசல்படியிலிருந்து வந்தது. அண்ணி முழங்கை வரை இட்லி மாவோடு நின்றுகொண்டிருந்தாள்.

பாவா திரும்பினார். "நீ உள்ள போ. இது ஆபீசு விஷயம்."

"பட்டால கீறது என் பேரு. ஆபீசு விஷயம் எனக்குத்தான்." பிறகு அதிகாரியிடம், "யோசிச்சி சொல்றேங்க. எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க," என்று சொல்லிவிட்டு மாவுக் கையைக் கழுவப் போனாள்.

அதிகாரி தொண்டையைச் செருமி, சிரிப்பை வரைபடத்துக்குள் மடித்து வைத்துக்கொண்டு கிளம்பினார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் அண்ணியின் வாழ்க்கையில் பொற்காலம். தினமும் கடை மூடி வரும்போது என் கணவர் அக்காவுக்கு மல்லிகைப்பூ வாங்கி வந்தார். எனக்கு அதில் ஒரு கண்ணிகூடக் கிடையாது. நான் ரயில் இறங்கி வரும்போது சூடாக மைசூர்பாகு வாங்கி வந்தேன். அந்தப் பக்கம் பாவாவும் சும்மா இல்லை. காலையில் அவரே காபி போட்டார். டிகாக்‌ஷன் இறக்கத் தெரியாமல் அவர் தவிப்பது சுவருக்கு இந்தப் பக்கம் வரை மணத்தது. பாத்திரம் தேய்த்தார். ஒருநாள் அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அழுவதைப் பார்த்தேன். அண்ணி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள், எதற்கும் பதில் சொல்லவில்லை. "யோசிச்சிகினு இருக்கேன்" என்பாள். பூவைத் தலையில் வைத்துக்கொண்டு யோசித்தாள், மைசூர்பாகைச் சாப்பிட்டுக்கொண்டு யோசித்தாள்.

ஒருநாள், திருவள்ளூரில் கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டும் என்று என்னோடு ரயிலேறினாள். அரக்கோணத்தில் கூட்டம் இறங்கியதும் உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் சொன்னாள்.

"கையெழுத்து போடறேன். ஆனா ஒண்ணு."

"சொல்லுங்க அண்ணி."

"அந்த ரூம்புல எனக்கும் ஒரு சாவி வேணும். எங்க மாடியில இருந்து வர்றதுக்கு நடுச்செவுத்துல ஒரு சின்னக் கதவு. மத்தியானம் ஆனா இவரு மனுவ படிச்சிக் காட்றாரு. காதுல பஞ்சு வெச்சா, 'கேட்டியா'ன்னு கேள்வி வேற கேக்கறாரு. எனக்கு எங்கயாச்சும் போய்க் கதவ சாத்திகினு படுக்கணும்."

எனக்குக் கோபம் வந்தது. நான் வாளிமேல் உட்கார்ந்து கண்ட கனவு அது. அதில் பாதியைப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எவ்வளவு சுலபமாகக் கேட்கிறாள்! ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மணவூர் வரும்வரை வாய் திறக்கவில்லை. அண்ணி, முந்தின நாள் நான் கொடுக்க மறந்து என் பைக்குள்ளேயே இருந்த மைசூர்பாகுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தாள். மணவூரில் வண்டி நின்றபோது எனக்கே ஒன்று உறைத்தது. அவளும் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருப்பாள், குழாயைத் திறந்துவிட்டிருப்பாள். ஆனால் அவள் கதவைத் தட்டுகிறவர் வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவர் இல்லை.

"ரெண்டு சாவி செய்யலாம் அண்ணி," என்றேன். "ஆனா என்கிட்டயும் ஒரு நிபந்தனை இருக்கு."

"இன்னா?"

"சம்மதக் கடிதத்தை அண்ணாதான் எழுதணும்."

அண்ணி என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

மறுநாள் சாயங்காலம் சுவருக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டோம். அண்ணி ஒரு தாளையும் பேனாவையும் பாவாவின் முன்னால் வைத்தாள்.

"சம்மதம்னு எழுதணும். எனக்கு எழுத வராது. நீங்களே எழுதிக் குடுங்க."

"நானா? என் மனுவுக்கு எதிரா நானே எழுதறதா?"

"சரி, நீங்க வேணாம். அந்த இன்ஜினியர் பொண்ண எழுதச் சொல்றேன். அது எப்படியோ ரெண்டு வரி எழுதும். தப்பும் தவறுமா போவட்டும்."

தாள் சரசரத்தது. பிறகு பாவாவின் குரல் கேட்டது.

"ரெண்டு வரின்னா ஏத்துக்க மாட்டாங்க. 'எவருடைய வற்புறுத்தலும் இன்றி, முழுச் சுயநினைவுடன்'னு வரணும். சர்வே எண் வரணும். அது அந்தப் பொண்ணுக்கு இன்னா தெரியும்?"

எழுதினார். கிழித்தார். மறுபடி எழுதினார். 'ஆட்சேபணை இல்லை' என்பதா, 'யாதொரு ஆட்சேபணையும் இல்லை' என்பதா என்று அண்ணியிடம் கருத்துக் கேட்டார். அண்ணி யாதொரு போடச் சொன்னாள். கடைசியில் முழுசையும் உரக்க வாசித்தார். அவ்வளவு கச்சிதமான கடிதத்தை நான் என் அலுவலகத்திலும் பார்த்ததில்லை. வாசித்து முடித்த பெருமையில், தான் யார் பக்கம் என்பதே அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும். "இதுக்கு மேல எவனும் ஒரு கேள்வி கேக்க முடியாது," என்றார். கணவர் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து தெரியாமல் கைதட்டிவிட்டார். அதோடு பேச்சு மறுபடி ஆரம்பித்தது.

தரிசனத்துக்கும் வழி பிறந்தது. மாடிப்படியை அறைக்குள் இல்லாமல் வெளிப்பக்கமாகக் கொண்டுபோய்ப் புது மொட்டை மாடியில் விட்டால், பாவா அங்கிருந்து முன்னைவிட நன்றாகக் கும்பிடலாம் என்று இன்ஜினியர் பெண் சொன்னாள். இரண்டே நாளில் அது பாவாவின் யோசனையாகிவிட்டது. தெருவில் அப்படித்தான் சொல்லிக்கொண்டார். வரைபடத்தில் நடுச்சுவரில் ஒரு கதவும் வேண்டும் என்றதும் அந்தப் பெண் மட்டும், "ரெண்டு வீட்டுக்கு நடுவுல கதவு எதுக்கு மேடம்?" என்று கேட்டாள்.

"கொழம்பு குடுக்க," என்றாள் அண்ணி.

திருத்திய வரைபடமும் கடிதமும் போய்ச் சேர்ந்தன. ஒரு சாயங்காலம் ரயிலில் நின்றுகொண்டு வரும்போது அனுமதி கிடைத்துவிட்டதாகப் போனில் செய்தி வந்தது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்ணிடம் காட்டினேன். அவள் வாசித்துவிட்டு, "எங்களுக்கு இன்னும் வரலக்கா," என்று பெருமூச்சுவிட்டாள். அச்சடித்த அனுமதியை பாவா பூதக்கண்ணாடி வைத்துப் படித்துப் பார்த்து, தெருப் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருப்பதைக் கண்டுபிடித்தார். அதற்கொரு மனு எழுத உட்கார்ந்தவரின் பேனாவை அண்ணி பிடுங்கி மாவு டப்பாவில் போட்டுவிட்டாள்.

அறை எழும்பியது. வர்ணம்கூட அடிக்கவில்லை, சாவி மட்டும் இரண்டு செய்தாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் பாயும் தலையணையுமாக மேலே போனேன். நடுச்சுவர்க் கதவு வழியாக அண்ணியும் பாயோடு வந்தாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டோம். புது சிமெண்டின் குளிர்ச்சி. கீழே ஒரு சத்தமும் இல்லை. கண்ணை மூடினேன்.

"உனக்கு நகரியில எங்க சித்தி பொண்ணு கல்யாணம் ஞாபகம் கீதா?" என்றாள் அண்ணி.

இல்லை என்றேன். அதுதான் நான் செய்த தப்பு. வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அந்த வீட்டில் அவளுக்குப் பேச முறை வரவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இப்போது வந்துவிட்டது. மாப்பிள்ளை பார்த்ததிலிருந்து ஆரம்பித்தாள். ஜாதகம் பொருந்தியது, புடவை எடுக்கப் போனார்கள், புடவைக் கடையில் ஒரு சண்டை, அந்தச் சண்டைக்குப் பின்னால் அதைவிடப் பழைய ஒரு சண்டை. ஆங், ஆங் என்று சொல்லிக்கொண்டே நான் தூங்கிவிட்டேன். விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, முகமெல்லாம் மலர்ச்சியாக, இன்னும் பெண்ணழைப்பில்தான் இருந்தாள்.